தைராய்டு கண்நோயில் பார்வை கெடும்போது: கதிர்வீச்சா, ஸ்டீராய்டா, அறுவையா?

தைராய்டு மாத்திரை எங்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் பழகிப்போன பொருள். ஆனால் அதே தைராய்டு கோளாறு கண்ணையும் தாக்கும், சில வேளை பார்வையையே பறித்துவிடும் என்பது இன்னமும் பலருக்குப் புதுச் செய்தியாகவே இருக்கிறது. அப்படித் தாக்கப்பட்டவர்களில் சிலரிடம் மருத்துவர், "கண்ணுக்குப் பின்னால் கதிர்வீச்சு கொடுத்துப் பார்க்கலாம்" என்று சொல்லும்போது, வீட்டில் உள்ளவர்கள் அதைக் "கரண்ட் வைக்கிறார்களாம்" என்று கேட்டு அரண்டுபோகிறார்கள். அதைக் கொடுக்கும் இடம் புற்றுநோய்ப் பிரிவு என்பதால் அச்சம் இரட்டிப்பாகிறது. இந்தக் கட்டுரை அந்தக் குடும்பங்களுக்காக எழுதப்படுகிறது. கதிர்வீச்சு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது என்பதும், பார்வையைக் கெடுப்பது எது, நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, உடம்பில் சுகர் இருக்கிறதா என்ற மூன்றையும் வைத்துத்தான் அதை மற்ற வழிகளோடு ஒப்பிட முடியும் என்பதும் என் உறுதியான கருத்து.

தைராய்டு சுரப்பியைத் தூண்டிவிடும் அதே எதிர்ப்புப் புரதங்கள் கண்குழியில் உள்ள திசுக்களையும் தூண்டுகின்றன. அங்குள்ள நார்த்திசுச் செல்கள் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும் ஒருவகைப் பொருளைச் சுரக்க, கண்ணை அசைக்கும் தசைகளும் சுற்றியுள்ள கொழுப்பும் ஊறவைத்த உளுந்துபோல் உப்பிவிடுகின்றன. கண்குழி நாற்புறமும் எலும்புச் சுவர் கொண்டது. முன்பக்கம் மட்டுமே திறப்பு. உப்பிய திசுக்களுக்கு வேறு இடம் இல்லாததால் விழி முன்னே தள்ளப்படுகிறது. தள்ளப்பட முடியாதபடி இமை இறுக்கமாக இருப்பவர்களுக்கு அழுத்தம் முழுவதும் பின்னால் உள்ள பார்வை நரம்பின் மேல் விழுகிறது. கண் அதிகம் துருத்தவில்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. துருத்தாத கண்ணில்தான் நரம்பு சத்தமில்லாமல் நசுங்குவதும் உண்டு.

"பார்வை சரியில்லை" என்று நோயாளி சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு கேடுகள் ஒளிந்திருக்கலாம். முதலாவது இரட்டைப் பார்வை. வீங்கிய தசைகள் இரு கண்களையும் ஒரே திசையில் திருப்பவிடாததால், வீட்டு முற்றத்தைச் சுற்றிய வளவில் நிற்கும் தூண் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரியும். படி இறங்கும்போது எந்தப் படியில் கால் வைப்பது என்று தடுமாறும். ஒரு கண்ணை மூடினால் இரட்டை மறைந்துவிடும். இரண்டாவது, பார்வை நரம்பு நசுங்குவது. இதில் எழுத்து மங்குவதற்கு முன்பே நிறம் வெளுக்கத் தொடங்கும். கண்டாங்கிச் சேலையின் சிவப்புக் கரையை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பார்த்து, ஒரு கண்ணில் அந்தச் சிவப்பு சாயம் போனதுபோல் தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். இந்த நோய் வந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேருக்கு இந்த நரம்புப் பாதிப்பு வருகிறது. மூன்றாவது, இமைகள் முழுதாக மூடாததால் கருவிழி காய்ந்து புண்ணாவது. தூங்கும்போது கண் பாதி திறந்திருப்பதை வீட்டில் உள்ளவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள்.

மூன்றாவது கேட்டுக்குக் கதிர்வீச்சால் எந்தப் பயனும் இல்லை. அங்கே தேவை சொட்டுமருந்து, இரவில் போடும் களிம்பு, தேவைப்பட்டால் இமையைத் தைத்து மூடுவது அல்லது அவசர அறுவை. ஆகவே ஒப்பீடு முதல் இரண்டுக்கும்தான்.

அடுத்துப் பார்க்க வேண்டியது காலம். இந்த நோய் முதலில் அழற்சியோடு கொதித்து, பிறகு தானாகவே அடங்கித் தழும்பாக இறுகும் இயல்புடையது. கொதிக்கும் கட்டம் பெரும்பாலும் 6 முதல் 18 மாதம் நீடிக்கும். சிலருக்கு அதற்கு மேலும் போகும். கண்ணுக்குப் பின்னால் வலி, விழியை அசைத்தால் வலி, இமைச் சிவப்பு, இமை வீக்கம், வெள்ளை விழிச் சிவப்பு, அதன் மேல்தோல் நீர்கோத்து உப்புவது, மூக்கோரச் சதை வீங்குவது ஆகிய ஏழையும் மருத்துவர் எண்ணிப் பார்ப்பார். மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் இன்னும் உயிர்ப்போடு இருக்கிறது என்று பொருள். அழற்சியை அடக்கும் மருந்தான ஸ்டீராய்டும் கதிர்வீச்சும் இந்தக் கொதிப்பின்போது மட்டுமே வேலை செய்யும். தசை தழும்பாக இறுகியபின் இரண்டும் வீண். எங்கள் பக்கத்தில் முன்னோருக்கு வைக்கும் படைப்பு முடியட்டும், பழனிப் பாதயாத்திரை போய் வந்தபின் பார்க்கலாம், மகள் கல்யாணம் கழியட்டும் என்று வைத்தியத்தைத் தள்ளிப்போடும் பழக்கம் உண்டு. இந்த நோயில் அப்படித் தள்ளும் ஒவ்வொரு மாதமும் கையிலிருக்கும் வழிகளில் ஒன்றைக் குறைக்கிறது.

இப்போது வழிகளுக்கு வருவோம். உலகெங்கும் முதலிடம் ஸ்டீராய்டுக்கே. மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை இரத்தக் குழாய் வழியாக ட்ரிப்ஸில் வாரம் ஒருமுறை, முதல் ஆறு வாரம் அரை கிராம், அடுத்த ஆறு வாரம் கால் கிராம் என்று மொத்தம் 4.5 கிராம் கொடுப்பது ஐரோப்பிய நிபுணர் குழு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ள வழக்கமான முறை. கூடவே உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோபினோலேட் மாத்திரையும் சேர்க்கச் சொல்கிறார்கள். மாத்திரையாகத் தினமும் ஸ்டீராய்டு விழுங்குவதைவிட ட்ரிப்ஸில் பலன் அதிகம், பக்கவிளைவு குறைவு. பார்வை நரம்பு நசுங்கினால் அளவும் வேகமும் மாறும்: முதல் வாரத்திலேயே அரை முதல் ஒரு கிராம் வீதம் மூன்று நாள், மறுவாரம் மீண்டும் மூன்று நாள். இரண்டு வாரத்தில் பார்வை திரும்பாவிட்டால் அறுவைக்குப் போக வேண்டும். ஒரு சுற்றில் மொத்தம் எட்டு கிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கல்லீரல் பழுதாகும் ஆபத்து இருக்கிறது. தொடங்குமுன் மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கும், நம் நாட்டில் காசநோய்க்கும் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

ஸ்டீராய்டின் பெருமை அதன் வேகம். சில நாளில் வீக்கம் இறங்கும். நரம்பு நசுங்கும் நோயாளிக்கு அந்த நாள்கள்தான் பார்வை. அதன் குறை, நிறுத்தியபின் நோய் மீண்டும் கிளம்புவது. கதிர்வீச்சுக்கு இடம் உண்டாவது இங்கேதான்.

கதிர்வீச்சின் தத்துவம் எளிது. கண்குழியில் புகுந்து அழற்சியை நடத்தும் லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் கதிர்வீச்சுக்கு எளிதில் மடிபவை; புற்றுநோய்க்குத் தேவைப்படும் அளவில் மூன்றில் ஒரு பங்கே அவற்றை அடக்கப் போதும். வழக்கமான அளவு 20 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). அதை ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் பத்துத் தவணையாக, வாரத்துக்கு ஐந்து நாள் என்று இரண்டு வாரத்தில் கொடுத்து முடிப்பார்கள். வாரம் ஒரு கிரே வீதம் இருபது வாரம் கொடுக்கும் மெதுவான முறையும் உண்டு, பத்து கிரேயோடு நிறுத்துபவர்களும் உண்டு. கதிர் நெற்றிப்பொட்டின் பக்கவாட்டிலிருந்து, விழியின் முன்பகுதியில் உள்ள லென்ஸைத் தவிர்த்துப் பின்னோக்கிச் செலுத்தப்படும். வலி இல்லை, தோல் வேகாது, தலைமுடி மொத்தமாகக் கொட்டாது; பொட்டோரத்தில் கொஞ்சம் உதிர்ந்தால் திரும்ப முளைக்கும்.

பலன் எவ்வளவு என்பதில் ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் நடந்து 2000இல் வெளிவந்த ஆய்வில், உண்மையான கதிர்வீச்சு பெற்றவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கும், பொய்யாகப் படுக்கவைத்து அனுப்பப்பட்டவர்களில் 31 பேருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. முன்னேறியது விழியின் அசைவும் இரட்டைப் பார்வையும். கண் துருத்தல் குறையவில்லை. அதிலும், கதிர்வீச்சு பெற்றவர்களில் கால்வாசிப் பேருக்கு மட்டுமே பின்னால் மாறுகண் அறுவை தேவைப்படாமல் போயிற்று. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் மேயோ கிளினிக், ஒருவரின் ஒரு கண்ணுக்கு மட்டும் கதிர் கொடுத்து மறு கண்ணோடு ஒப்பிட்டு, குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று அறிவித்தது. அந்த நோயாளிகளில் பலருக்கு நோய் தொடங்கி ஓராண்டுக்கு மேலாகியிருந்தது என்பதால், கொதிப்பு அடங்கியபின் கொடுத்தது பலிக்கவில்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தில் எனக்கு நியாயம் தெரிகிறது. ஆனால் 2018இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு, ஸ்டீராய்டு மாத்திரையோடு கதிர்வீச்சைச் சேர்த்தும் கூடுதல் பலன் காணவில்லை. பார்வை நரம்பு நசுங்கியவர்கள் இந்த வகை ஆய்வுகளில் பெரும்பாலும் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்குக் கதிர்வீச்சு உதவும் என்பதற்குச் சான்று, ஸ்டீராய்டோடு கதிர்வீச்சும் பெற்ற பலர் அறுவையின்றித் தப்பினார்கள் என்று மருத்துவமனைகள் தங்கள் பழைய பதிவேடுகளிலிருந்து தொகுத்த செய்திகள் மட்டுமே. அது ஒதுக்கத்தக்க சான்று அல்ல. ஆனால் பார்வை போய்க்கொண்டிருக்கும்போது அதை மட்டும் நம்பிக் காத்திருக்கத்தக்க சான்றும் அல்ல.

காத்திருக்க முடியாததற்கு இன்னொரு காரணம் கதிர்வீச்சின் வேகம். பலன் தெரியச் சில வாரம் ஆகும். முழுமை அடையப் பல மாதமும் ஆகலாம். முதல் நாள்களில் வீக்கம் சற்றே கூடுவதும் உண்டு என்பதால் ஸ்டீராய்டின் துணையில்லாமல் அதைக் கொடுப்பதில்லை. எனவே, நசுங்கும் நரம்பைக் காப்பாற்றத் தனிக் கதிர்வீச்சு என்று யாராவது சொன்னால் வேறொரு மருத்துவரையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டால் பார்வை திரும்பியபின், அது மறுபடி இறங்காமல் பிடித்து வைக்கக் கதிர்வீச்சு என்பதே பொருத்தமான வரிசை.

என் உடன்பிறந்த ஆச்சிக்கு, அதாவது அக்காவுக்கு, ஸ்டீராய்டு முதல் சுற்று முடிந்தும் இரட்டைப் பார்வை மிஞ்சியிருந்ததால், மதுரையில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். நடைமுறையில் அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் பாதி அச்சம் விலகும். முதல் நாள் கதிர் கிடையாது. முகத்துக்கு அச்சு எடுப்பார்கள். ஓட்டை ஓட்டையாக இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு இளக்கி, படுத்திருப்பவரின் முகத்தில் கதகதப்பாக விரித்து, மூக்கும் தாடையும் பதியும்படி விரலால் அழுத்துகிறார்கள். சில நிமிடத்தில் அது இறுகி அவர் முகமாகவே ஆகிவிடுகிறது. "தம்பி, மூச்சு முட்டுமாடா?" என்று ஆச்சி கேட்டார். "ஓட்டை இருக்குல்லம்மா, நல்லா மூச்சு விடலாம், தலை மட்டும் அசையாம இருந்தாப் போதும்" என்றார் அங்கிருந்த பெண். அந்த அச்சைப் போட்டபடியே சி.டி. ஸ்கேன் எடுத்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு என்று கணக்கிடச் சில நாள் ஆகும். பிறகு ஒவ்வொரு நாளும் அதே அச்சை மாட்டி மேசையோடு பூட்டி, லீனியர் ஆக்ஸிலரேட்டர் என்ற கதிர் பாய்ச்சும் இயந்திரம் இரு பக்கமும் சுற்றி வந்து முடிப்பது சில நிமிட வேலை. கண் துருத்தியவர்கள் அச்சு எடுக்கும்போதே இமை மீது அது உரசுகிறதா என்று கவனித்துச் சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சில நிமிடத்துக்காகப் பத்து நாள் போக வேண்டியிருப்பதுதான் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாரம். காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறத்தாழ ஒரே தூரம், சுமார் 90 கிலோமீட்டர். திருப்பத்தூர், மேலூர் வழியாகப் பேருந்தில் போய்த் திரும்பினால் பகல் முழுதும் போய்விடும். ஸ்டீராய்டால் களைத்திருக்கும் ஒருவர், இரட்டைப் பார்வையோடு தினமும் பேருந்து ஏறி இறங்குவது சரியல்ல என்பதால், திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே தங்கிவிடுவது நல்லது. வாரம் ஒருமுறை ட்ரிப்ஸ் என்றால் பன்னிரண்டு பயணம். கதிர்வீச்சு என்றால் இரண்டு வாரத் தங்கல். தனியே வாழும் முதியவர்கள் நிறைந்த எங்கள் ஊர்களில் இந்த வேறுபாடும் முடிவில் பங்கு பெறத்தான் வேண்டும். கண் மருத்துவமனையும் கதிர்வீச்சுக் கூடமும் பெரும்பாலும் வெவ்வேறு வளாகத்தில் இருக்கும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் கண்குழி நோய்களுக்கெனத் தனிப் பிரிவே உண்டு. அங்குள்ள மருத்துவரின் கடிதமும் பார்வைப் பதிவுகளும் இல்லாமல் கதிர்வீச்சு மருத்துவரிடம் போகக் கூடாது.

சுகர் உள்ளவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் அவர்கள் இரு பக்கமும் இடிபடுகிறார்கள். ஸ்டீராய்டு சர்க்கரையைக் கிடுகிடுவென ஏற்றும். கதிர்வீச்சோ, சுகரால் ஏற்கெனவே நலிந்த விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை மேலும் பழுதாக்கும். சுகரால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கும், கட்டுக்கடங்காத இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும் கதிர்வீச்சு கூடவே கூடாது. சுகர் மட்டும் இருந்து விழித்திரை நன்றாக இருப்பவர்களுக்கும் தயங்கித்தான் கொடுப்பார்கள். ஆகவே சுகர் உள்ளவருக்குக் கதிர்வீச்சு பேச்சு எழுந்தால், கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டு விழித்திரையை முழுதாகப் பரிசோதித்த சீட்டு கையில் வரும்வரை சம்மதிக்க வேண்டாம். அது மோசமென்று வந்தால், இன்சுலினைக் கூட்டிக்கொண்டு, மருத்துவமனையில் தங்கி ஸ்டீராய்டு எடுப்பதே அவர்களுக்கு எஞ்சும் முதல் வழி. அதுவும் தாங்காவிட்டால் அறுவையை முன்னதாகவே யோசிக்கலாம். சர்க்கரை ஏறுவதைச் சில வாரம் இன்சுலினால் சமாளிக்கலாம். கதிரால் கெட்ட விழித்திரையைத் திரும்பப் பெற முடியாது என்பதால், இவ்விரண்டில் எதைத் தாங்கிக்கொள்வது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

முப்பத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் கதிர்வீச்சைத் தவிர்க்கிறார்கள். கதிரால் பின்னாளில் புற்றுநோய் வரக்கூடும் என்ற அச்சமே காரணம்; நெடுநாள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் அப்படி எதுவும் தெரியவரவில்லை என்றாலும், இளம் வயதில் எஞ்சியிருக்கும் ஆண்டுகள் அதிகம். வயதானவர்களுக்கு எஞ்சும் கவலை கண்புரை சற்று முன்னதாக வருவது. அதற்குத் தீர்வு எளிது.

அறுவை என்பது கண்குழியின் எலும்புச் சுவரில் ஒன்றையோ இரண்டையோ எடுத்து, உப்பிய திசுக்கள் பக்கத்துக் காற்றறைகளுக்குள் சரிய இடம் செய்வது. நசுங்கும் நரம்புக்கு உடனடி விடுதலையும், துருத்திய கண் உள்ளே போவதும் இதில் கிடைக்கும். ஆனால் தசைகள் இடம் மாறுவதால், இல்லாத இரட்டைப் பார்வை புதிதாகத் தொடங்கலாம், இருந்தது கூடலாம். முதலிலேயே அறுவை செய்வதா, முதலில் ஸ்டீராய்டா என்று 2005இல் ஒப்பிட்ட சிறிய ஆய்வு, அறுவையை முந்தவைப்பதால் பார்வை கூடுதலாகக் காப்பாற்றப்படவில்லை என்று கண்டதால்தான் ஸ்டீராய்டு முதல் என்ற வரிசை நிலைத்தது. அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் எங்கள் வீடுகளில் இன்னொன்றும் காதில் விழும்: 2020 ஜனவரியில் அங்கே அனுமதி பெற்ற டெப்ரொடுமுமாப் என்ற புது ஊசி. மூன்று வாரத்துக்கு ஒன்றாக எட்டு முறை ஏற்றப்படும் அது, அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் நூற்றுக்கு 83 பேருக்குக் கண் துருத்தலைக் குறைத்தது. கதிர்வீச்சால் ஒருபோதும் ஆகாத காரியம் அது. எனினும் ஒரு முழுச் சுற்றின் விலை அங்கே சில லட்சம் டாலர், சுகரை ஏற்றுவதும் காது மந்தமாவதும் அதன் பக்கவிளைவுகள். பார்வை நரம்பு நசுங்கியவர்கள் அதன் ஆய்விலும் சேர்க்கப்படவில்லை. அதற்காகக் காத்திருந்து கொதிப்புக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

ஆக, ஐம்பது வயதைத் தாண்டிய, சுகர் இல்லாத ஒருவருக்கு, சில மாதமாகக் கொதிப்பும் இரட்டைப் பார்வையும் இருந்து, ட்ரிப்ஸ் ஸ்டீராய்டு முழுப்பலன் தராவிட்டால், நான் தயங்காமல் கதிர்வீச்சைச் சேர்க்கச் சொல்வேன். நிறம் வெளுத்துப் பார்வை இறங்கும் ஒருவருக்கு அதே நாளில் ஸ்டீராய்டு, இரண்டு வாரத்தில் திரும்பாவிட்டால் அறுவை. கதிர்வீச்சு அதற்குப் பின்னால். கண் துருத்தி அசிங்கமாக இருக்கிறது என்பதே குறை என்றாலோ, நோய் அடங்கி ஆண்டுகள் ஆகிவிட்டது என்றாலோ, கதிர்வீச்சு எதற்கும் உதவாது. யாராக இருந்தாலும் சிகரெட்டை, சுருட்டை நிறுத்தாமல் எந்த வழியில் இறங்கினாலும் பலன் குறையும். புகை இந்த நோயைக் கூட்டுவதோடு, ஸ்டீராய்டின் வேலையையும் கதிரின் வேலையையும் கெடுக்கிறது. தைராய்டு அளவு கூடிக் குறைந்து ஊசலாடாமல் இருக்க ஆறு வாரத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனையும் தேவை. தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கும் பேச்சு வந்தால், கண்நோய் இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அது கண்ணை மோசமாக்கக்கூடும்.

கதிர்வீச்சு முடிந்தபின் மிஞ்சும் இரட்டைப் பார்வைக்கு மாறுகண் அறுவையை உடனே செய்ய மாட்டார்கள். ஆறு மாதமாவது கோணம் மாறாமல் நின்றபின்தான் செய்வார்கள். கண்குழி அறுவையும் தேவையென்றால் முதலில் அது, பிறகு தசை, கடைசியில் இமை என்பது வரிசை. இடைப்பட்ட மாதங்களில், மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் ஒட்டும் மெல்லிய பிரிசம் படலம் இரண்டு பிம்பத்தையும் ஒன்றாக்கித் தரும். கோணம் மாறினால் உரித்துவிட்டு வேறொன்றை ஒட்டிக்கொள்ளலாம். ஆச்சி அதைப் போட்டுக்கொண்டுதான் இப்போது கணக்கு எழுதுகிறார்.